சேர்த்த தகவலிலிருந்து புதிய யோசனை

இணையத்தில் பார்த்த நல்ல பக்கங்களை புக்மார்க் செய்து வைக்கிறோம். ஏன் சேர்த்தோம் என்பது ஒரு மாதத்தில் மறந்துவிடும். சில பக்கங்கள் நீக்கப்பட்டும் விடும். இதற்கு நான் பயன்படுத்துவது ஜோட்டெரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006ல் வெளியான இலவச புரோகிராம் இது.

இதனையும், பிரவுசருக்கான கனெக்டரையும் இன்ஸ்டால் செய்திடுங்கள். புரோகிராம் திறந்திருக்கையில் பிரவுசரில் உள்ள இதன் ஐகானைக் கிளிக் செய்தால், பக்கத்தின் நகல் உங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகும். ஒவ்வொன்றிற்கும் டேக் எனும் அடையாளச் சொல்லும், சொந்த நடையில் ஒரு வரிக் குறிப்பும் சேருங்கள்.

ஏரிகள், பழமொழிகள் எனத் தனித்தனியே தொகுத்திருந்தேன். மை லைப்ரரியில் "மழை" என்ற டேக்கைக் கிளிக் செய்தபோது இரண்டும் அருகருகே வந்தன. கட்டுரைக்குப் புதிய கோணம் கிடைத்தது. குறிப்பு எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். யோசனை அதில்தான் பிறக்கிறது.