கை தாழ்ந்தால் நோயா?

வலக்கையை நேராக நீட்டுங்கள். இடக்கையில் சிறிது சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்பவர் நீட்டிய கையை அழுத்துகிறார், கை தாழ்கிறது. "பார்த்தீர்களா, சர்க்கரை உங்கள் உடலுக்கு ஆகாது!" என்கிறார் அவர்.

இதுவே 'பயன்முறைக் கினீசியாலஜி' என்னும் முழுமைச் சிகிச்சையின் அடிப்படைச் சோதனை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1964-ஆம் ஆண்டு ஜார்ஜ் குட்ஹார்ட் என்பவர் இதைத் தொடங்கினார். ஒவ்வொரு தசைக்கும் ஓர் உள்ளுறுப்போடு தொடர்பு உண்டு, தசை தளர்ந்தால் அவ்வுறுப்பில் குறை என்பது அவருடைய கொள்கை.

கினீசியாலஜி என்ற சொல் அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அப்பெயரில் உண்மையான அறிவியல் துறை ஒன்று உண்டு. தசையும் எலும்பும் மூட்டும் சேர்ந்து இயங்கும் விதத்தை அது ஆராய்கிறது. இயன்முறை மருத்துவர்கள் தசையின் வலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடுவதும் இத்துறையைச் சார்ந்ததே. ஆனால் அவர்கள் தசையைச் சோதிப்பது தசையின் நிலையை அறியத்தான். சர்க்கரை ஆகுமா ஆகாதா என்று அறிய அன்று.

அப்படியானால் கை ஏன் தாழ்ந்தது? நீட்டிய கை ஒரு நெம்புகோல். தோள் அதன் ஆதாரப்புள்ளி. தோளிலிருந்து 25 செ.மீ. தொலைவில் அழுத்தும் அதே விசையை 50 செ.மீ. தொலைவில் கொடுத்தால் திருப்புத்திறன் இருமடங்காகிறது. அழுத்தும் இடம் சற்று விலகினாலும், தசை இறுகுமுன் அழுத்தினாலும் கை எளிதில் தாழ்ந்துவிடும்.

அழுத்துபவர் ஏமாற்றுகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்ப்பதுண்டு. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு ஒருவர் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் தானே எழுந்து நிற்கும்! உண்மையில், மனம் எதிர்பார்க்கும் அசைவை விரல்கள் அவரறியாமலேயே செய்துவிடுகின்றன. இவ்விளைவை 1852-இல் வில்லியம் கார்ப்பெண்டர் என்ற ஆங்கிலேய அறிஞர் விளக்கினார். கையை அழுத்துபவருக்கும், அழுத்தப்படுபவருக்கும் இதுவே நேர்கிறது.

இதை எவ்வாறு சரிபார்ப்பது? ஒரே மாதிரியான இரு தீப்பெட்டிகளை எடுங்கள். ஒன்றில் சர்க்கரையும் மற்றதில் அதே எடை மணலும் இட்டு ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எந்தப் பெட்டியைக் கொடுப்பது என்று மூன்றாம் நண்பர் நாணயம் சுண்டித் தீர்மானித்து, மறைவாகக் குறித்துக்கொள்ளட்டும். சோதிக்கும் இருவருக்கும் அது தெரியக்கூடாது. கை தாழ்ந்தால் சர்க்கரை, தாழாவிட்டால் மணல் என்று 20 முறை சொல்லிப் பாருங்கள். வெறும் ஊகத்திலேயே ஏறத்தாழ 10 சரியாக வரும். சோதனை உண்மையானால் அதைவிட மிகுதியாக வரவேண்டும் அல்லவா?

1988-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அனுபவமிக்க மூன்று கினீசியாலஜியாளர்கள் 11 பேரைத் தனித்தனியே சோதித்து, வைட்டமின் ஏ, சி, தயமின், துத்தநாகம் ஆகியவற்றின் நிலையைக் கூறினர். மூவர் முடிவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஆய்வகச் சோதனைகளோடும் பொருந்தவில்லை.

இது வெறும் விளையாட்டானால் கவலையில்லை. ஆனால் கை தாழவில்லை என்பதற்காக நீரிழிவு நோயாளி ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரும். உங்கள் வீட்டில் எவரேனும் இச்சோதனையை நம்பி மருந்தை மாற்ற எண்ணினால், முதலில் அந்தத் தீப்பெட்டிச் சோதனையைச் செய்து காட்டுங்கள். பிறகு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.