எழுத்துத் திரையில் மின்னஞ்சல்: ‘மட்’ செயலியை அமைத்தலும் பழுது காணலும்

மின்னஞ்சல் செயலிகள் இன்று பெரும்பாலும் பொத்தான்களும் படங்களும் நிறைந்த சாளரங்களாகவோ இணைய உலாவிக்குள் திறக்கும் பக்கங்களாகவோ அமைந்துவிட்டன என்றாலும், எழுத்துகளை மட்டுமே திரையில் காட்டி, மவுஸின் துணையின்றி விசைப்பலகையால் மட்டுமே இயக்கப்படும் செயலிகள் லினக்ஸ், பிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில் இன்றும் வழக்கில் உள்ளன. 1980களில் டேவ் டெய்லர் எழுதிய ‘எல்ம்’ என்னும் செயலியும், சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பைன்’ என்னும் செயலியும் இந்த மரபின் முன்னோடிகள். அவற்றை அடுத்து மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் தொடங்கிய ‘மட்’, இந்த வகையில் மிகுதியாகப் பயன்படுவனவற்றுள் ஒன்றாக நிலைபெற்றது, 2016இல் அதிலிருந்து ‘நியோமட்’ என்னும் கிளை பிரிந்தது, மட்டின் 2.0 பதிப்பு 2020இல் வெளிவந்தது.

இத்தகைய செயலி இன்னும் நீடிப்பதற்குப் பழைமைப் பற்று மட்டும் காரணமன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் செய்யப்படும் திருத்தங்கள் இன்றும் மின்னஞ்சல் வழியாகவே அனுப்பப்பட்டு, பலரால் படித்து விவாதிக்கப்பட்டு, பின்னரே ஏற்கப்படுகின்றன. நிரல்வரியில் ஓர் இடைவெளி மாறினாலும் திருத்தம் பொருந்தாமல் போகக்கூடும் என்பதால், எழுதியதை எழுதியபடியே கொண்டுசேர்க்கும் செயலி அங்கே இன்றியமையாதது. கெர்னலின் ஆவணத் தொகுப்பில் மின்னஞ்சல் செயலிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஜிமெயிலின் உலாவிப் பக்கம் ‘டேப்’ இடைவெளிகளைச் சாதாரண இடைவெளிகளாக மாற்றிவிடுவதாலும் நீண்ட வரிகளை முறித்துவிடுவதாலும் திருத்தங்களை அனுப்ப அது ஏற்றதன்று என்று அப்பகுதி எச்சரிக்கிறது. மட் செயலியைப் பல நிரலாளர்கள் பயன்படுத்துவதையும் அதுவே குறிப்பிடுகிறது.

மட்டைப் புதிதாக அமைப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, மின்னஞ்சல் என்பது ஒரே வேலையன்று, பல வேலைகளின் தொடர் என்பதாகும். எழுதிய மடலை வெளியே அனுப்புவது ஒரு வேலை. அதற்கான நெறிமுறை 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. ஆகும். சர்வரில் வந்து சேர்ந்த மடல்களைப் பார்ப்பது இன்னொரு வேலை. அதற்கு மார்க் கிறிஸ்பின் 1986இல் வகுத்த ‘ஐமேப்’ நெறிமுறை பயன்படுகிறது. மடல்களை வட்டில் சேமிப்பது, எழுத்துக் குறியீட்டைப் பிரித்துத் திரையில் காட்டுவது, மடல் எழுதுவதற்கான தொகுப்பானைத் திறப்பது ஆகியவையும் தனித்தனி வேலைகளே. சாளரச் செயலிகள் இவை அனைத்தையும் ஒரே திரைக்குப் பின்னால் மறைத்துவிடுகின்றன. மட்டோ இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. மடலெழுத ‘விம்’ அல்லது ‘ஈமேக்ஸ்’ தொகுப்பானையும், அனுப்புவதற்கு ‘எம்.எஸ்.எம்.டி.பி.’ என்னும் சிறு நிரலையும், மடல்களைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிவைக்க ‘எம்.பி.சிங்க்’ என்னும் நிரலையும் அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் இது சுமையாகத் தோன்றினாலும், கோளாறு நேரும்போது எந்தக் கண்ணி அறுந்தது என்று காட்டிக்கொடுப்பது இந்தப் பிரிவினைதான்.

அமைப்புகள் யாவும் பயனரின் இல்லக் கோப்புறையில் இருக்கும் ‘மட்ஆர்சி’ என்னும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதப்படுகின்றன. மடல் பெட்டி இருக்கும் சர்வரின் முகவரி, புதிய மடல்கள் வந்துவிழும் பெட்டியின் பெயர், அனுப்பிய மடல்களின் படிகளும் பாதியில் நிறுத்திய வரைவுகளும் சேர வேண்டிய இடம், அனுப்பும் சர்வரின் முகவரி, அனுப்புநர் பெயர் என ஏறத்தாழ பத்து வரிகள் இருந்தால் செயலி இயங்கத் தொடங்கிவிடும். ஐமேப் சர்வருடன் தொடக்கம் முதலே மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்புக்கு 993 என்னும் போர்ட் எண்ணும், அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்னும் எண்ணும் வழக்கில் உள்ளன. இவ்விரண்டில் 465 தொடக்கம் முதலே மறையாக்கத்துடன் பேசுவது. 587 வெளிப்படையாகத் தொடங்கி, ‘ஸ்டார்ட்-டி.எல்.எஸ்.’ கட்டளைக்குப் பின் மறையாக்கத்துக்கு மாறுவது. ஒன்றன் முறையில் மற்றொன்றை அணுகினால் செயலி விடை கிடைக்காமல் காத்துக்கிடக்கும் அல்லது புரியாத பிழைச்செய்தி ஒன்றைக் காட்டும். புதியவர்கள் சந்திக்கும் முதல் தடை பெரும்பாலும் இதுவே.

கோப்பில் கடவுச்சொல்லை எழுதுவதிலும் ஒரு பொறி உண்டு. மட்ஆர்சியில் எண் குறி எனப்படும் ‘#’ வந்தால் அதற்குப் பின்வருவது குறிப்புரை என்று கொண்டு செயலி அதைப் படிக்காமல் விட்டுவிடும். அரைப்புள்ளி வந்தால் ஒரு கட்டளை முடிந்ததாகக் கொள்ளும். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி வந்தால் அதை ஒரு மாறியின் பெயராகக் கருதி வேறொன்றை அங்கே இட்டுவிடும். ஆகவே கடவுச்சொல்லில் இத்தகைய குறிகள் இருந்தால், சரியான சொல்லையே எழுதியிருந்தும் சர்வருக்குச் செல்வது சிதைந்த சொல்லாகிவிடும். ‘உள்நுழைவு தோல்வி’ என்னும் செய்தியைப் பார்த்துப் பயனர் சர்வரையே ஐயுறுவார். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் இந்த இடர் பெரிதும் நீங்கும். அதனினும் நல்ல வழி, கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதாமல், ஜி.பி.ஜி. என்னும் மறையாக்க நிரலால் பூட்டிய தனிக்கோப்பில் வைத்து, மட் தொடங்கும்போது மட்டும் அதைத் திறந்து படிக்கச் செய்வது.

சரியான கடவுச்சொல் சரியான வடிவில் சென்றும் சர்வர் மறுப்பது அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளது. அதற்குக் காரணம் செயலியன்று, சேவை வழங்குவோரின் கொள்கை மாற்றம். தனியாள் கணக்குகளுக்கு, வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பிற செயலிகள் உள்நுழைவதை 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் நிறுவனச் சேவையில் அதே ஆண்டு அக்டோபர் முதல் அத்தகைய முறையை மூடத் தொடங்கியது. இன்று கூகுள் கணக்கை மட்டில் இணைக்க விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, இந்தச் செயலிக்கென்றே 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல்லைப் பெறுவது எளிய வழி. கடவுச்சொல்லுக்கு மாற்றாகக் குறுகிய ஆயுள் கொண்ட அனுமதிச் சீட்டைப் பெற்றுத் தரும் ‘ஓஆத்’ முறை இரண்டாவது. இதற்குத் துணைசெய்யும் பைத்தான் நிரல் ஒன்று மட்டுடனேயே வழங்கப்படுகிறது. இந்தச் சீட்டைப் புதுப்பிக்க முடியாமல் போகும்போது நேற்றுவரை ஓடிய அமைப்பு இன்று நின்றுபோகும் என்பதை நினைவில் கொண்டால், கோப்பைத் திருத்தித் திருத்தி நேரம் போக்க நேராது.

‘உறுதிப்படுத்தும் முறை எதுவும் கிடைக்கவில்லை’ என்னும் பொருள்பட வரும் செய்தி இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே சர்வர் எதையும் மறுக்கவில்லை. அடையாளம் நிறுவும் முறைகளைத் தாங்கும் ‘சாசல்’ என்னும் நூலகத்தின் பகுதிகள் கணினியில் நிறுவப்படாததே குறை. டெபியன், உபுண்டு போன்ற தொகுப்புகளில் அப்பகுதிகள் தனிப் பொதியாக இருப்பதால், மட்டை மட்டும் நிறுவியவருக்கு அவை கிடைக்காமல் போகலாம். சான்றிதழ் பற்றிய பிழைகளும் இவ்வாறே பெயரைக் கேட்டு அஞ்சத்தக்கவை அல்ல: சர்வரின் பெயரைத் தவறாக எழுதியிருத்தல், கணினியின் நாள்காட்டி பின்தங்கியிருத்தல் ஆகிய எளிய காரணங்களே பல வேளைகளில் அவற்றுக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் எரிச்சலில் சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடுவது தீங்கானது. இணைப்பின் நடுவே வேறொருவர் அமர்ந்து மடல்களைப் படிப்பதைத் தடுக்கும் காவலை அது அகற்றிவிடுகிறது.

இணைப்புக் கோளாறுகளில் ஊகத்தைவிடப் பதிவேடு மேலானது. பிழைத்திருத்த விருப்பத்துடன் மட்டைத் தொடங்கினால், சர்வருக்கும் செயலிக்கும் நடந்த உரையாடல் ஒரு கோப்பில் எழுதப்படும். எந்தக் கட்டளைக்குப் பின் பேச்சு முறிந்தது என்பதை அதிலே காணலாம். ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ நிரலைக் கொண்டு அதே சர்வரின் அதே போர்ட் எண்ணை நேரடியாகத் தொட்டுப் பார்ப்பது இன்னொரு முறை: அது சான்றிதழ்ப் பிழை எதுவுமின்றி வரவேற்பு வரியைக் காட்டினால் வலையமைப்பும் சான்றிதழும் நலமாக உள்ளன, பிழையை மட்ஆர்சியில் தேடவேண்டும்; அதுவும் நின்றுவிட்டால், சர்வரின் பெயரும் போர்ட் எண்ணும் சரிதானா என்று பார்ப்பதற்கு அப்பால் மட்ஆர்சியைத் தொட வேண்டியதில்லை.

கோளாறு போலத் தோன்றும் இயல்புகளும் சில உண்டு. மட்டில் ஒரு மடலை நீக்கினால் அது உடனே மறைவதில்லை. நீக்கத்துக்குரியது என்ற குறி மட்டுமே இடப்பட்டு, பெட்டியை ஒத்திசைக்கும்போதோ மூடும்போதோதான் உண்மையில் அகற்றப்படும். தவறுதலாக நீக்கியதை மீட்க இது தரும் அவகாசம் மதிப்பு மிக்கது. அனுப்பிய மடல் இரண்டு படிகளாகத் தெரிவதும் பிழையன்று: ஜிமெயில் சர்வர் தானே ஒரு படியைச் சேமித்துக்கொள்ள, மட் செயலியும் இன்னொன்றைச் சேமிக்கிறது, செயலியின் சேமிப்பை நிறுத்தினால் போதும்.

வண்ணமும் படமும் கலந்த எச்.டி.எம்.எல். மடல்கள் இத்தகைய திரையில் குறிச்சொற்களின் குவியலாகத் தெரியும். எந்த வகை உள்ளடக்கத்தை எந்த நிரலிடம் ஒப்படைப்பது என்று கூறும் ‘மெயில்கேப்’ கோப்பில், ‘டபிள்யூ3எம்’ அல்லது ‘லிங்க்ஸ்’ போன்ற எழுத்து உலாவியைக் குறித்துவைத்தால், அந்த மடல் தூய உரையாக மாற்றப்பட்டுத் திரைக்கு வரும். படங்கள் தாமாக இறக்கப்படாததால், மடல் திறக்கப்பட்டதா என்று விளம்பரதாரர் உளவறியப் பயன்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படங்கள் இங்கே செயலிழந்துபோகின்றன. இதைக் குறையென்று கருதுவதைவிடப் பாதுகாப்பென்று கொள்வதே பொருத்தம்.

தமிழ் மடல்களைப் படிப்போருக்கு உரிய இடர் எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது. யூனிகோடின் யு.டி.எஃப்-8 வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. 1992இல் வரையறுக்கப்பட்ட ‘மைம்’ நெறிமுறை இந்தப் பைட்டுகளை ரோமன் எழுத்துகளாகவும் எண்களாகவும் பொதிந்து அனுப்புகிறது. செயலி அவற்றைப் பிரித்தெடுத்து, கணினியின் ‘லொகேல்’ எனப்படும் மொழிச்சூழல் அமைப்பு எந்தக் குறிமுறையைச் சொல்கிறதோ அதற்கு மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. ஆகவே திரையில் தோன்றும் சிதைவின் வடிவமே நோயைச் சொல்லிவிடும். எழுத்துகளின் இடத்தில் வினாக்குறிகள் மட்டுமே நின்றால், லொகேல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த நிலையில் இருக்கிறது என்று பொருள். பின்சாய்கோட்டுடன் 340, 256 என்னும் எண்கள் திரும்பத் திரும்ப வந்தால், மட்ஆர்சியில் யு.டி.எஃப்-8 என்று கையால் எழுதப்பட்டிருந்தும் லொகேல் அதற்கு உடன்படவில்லை என்று பொருள். அந்த எண்கள் தமிழ்க் குறியீடுகளின் முதலிரு பைட்டுகளை எட்டடிமான முறையில் எழுதியவை. இரண்டிலும் மருந்து ஒன்றே: மட்ஆர்சியில் குறிமுறையை வலிந்து எழுதாமல், கணினியின் லொகேலை யு.டி.எஃப்-8க்கு மாற்றுவது. தொலைவிலுள்ள கணினியில் நுழைந்து மட்டை இயக்குவோர் அந்தக் கணினியின் லொகேலைத்தான் பார்க்க வேண்டும் என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது.

எழுத்துகள் சரியாக வந்தும் கொம்புகள் மெய்யெழுத்துக்கு வலப்புறம் போய் நிற்பதும், கால்கள் அடுத்த எழுத்தின்மேல் ஏறுவதும் வேறு வகை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரே அகலமுள்ள கட்டத்தை ஒதுக்கும் டெர்மினல் நிரல், குறியீட்டு வரிசையில் பின்னே வந்தாலும் முன்னே எழுதப்பட வேண்டிய ஒற்றைக்கொம்பு போன்றவற்றை இடம் மாற்றத் தெரியாமல் விடுவதே காரணம். அதே உரையை ஒரு கோப்பில் சேமித்து அதே டெர்மினலில் காட்டச் செய்தால் பழுது மட்டுடையதன்று என்பது தெளிவாகும். இந்திய எழுத்துகளை உருவமைக்கும் வசதியுள்ள ‘எம்.எல்.டெர்ம்’ போன்ற டெர்மினல்களை நாடுவதே தீர்வு.

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் இணையக் குழுக்களில் பரிமாறப்பட்ட ‘டிஸ்கி’ குறிமுறை மடல்களைச் சேமித்து வைத்திருப்போருக்கு மட் எதிர்பாராத துணையாகிறது. அம்மடல்களில் பல, தம் குறிமுறையைப் பயனர் வரையறுத்தது என்றோ மேற்கு ஐரோப்பியம் என்றோ தவறாக அறிவித்துக்கொள்வதால் இன்றைய செயலிகளில் ஒவ்வாத குறிகளின் வரிசையாகத் தெரிகின்றன. லினக்ஸின் குறிமுறை மாற்று நூலகம் டிஸ்கியை அறிந்திருப்பதால், மடலைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் ‘E’ என்னும் ரோமன் எழுத்து விசையை அழுத்தி, குறிமுறையின் பெயரை டிஸ்கி என்று மாற்றினால் பழைய மடல் தமிழாக விரியும். பயனர் வரையறுத்தது என்று அறிவித்துக்கொள்ளும் மடல்களை எப்போதும் டிஸ்கியாகவே கொள்ளுமாறு மட்ஆர்சியில் ஒரு வரி எழுதியும் வைக்கலாம். மேற்கு ஐரோப்பியம் என்று அறிவிக்கும் மடல்களுக்கு அப்படி எழுதக்கூடாது. உண்மையான பிரெஞ்சு, ஜெர்மன் மடல்களும் அப்போது சிதைந்து தெரியும். அவ்வாறு தவறாக அறிவிக்கும் டிஸ்கி மடல்களை ஒவ்வொன்றாகவே திறந்து மாற்ற வேண்டும். எந்த முறையில் மாற்றினாலும் மாறுவது திரையில் தெரியும் தோற்றம் மட்டுமே. வட்டிலிருக்கும் மடலின் பைட்டுகள் வந்தபடியே இருக்கும்.