சிவப்புக் குமிழும் சரிபார்ப்புப் பட்டியலும்

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களின் முகப்புப் பலகையில் இரண்டு குமிழ்கள் அருகருகே இருக்கும். கறுப்புக் குமிழ், எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். சிவப்புக் குமிழ் மிக்ஸ்சர். காற்றோடு எவ்வளவு பெட்ரோல் சேர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. முழுக்க உள்ளே தள்ளினால் கலவையில் பெட்ரோல் மிகும், இழுக்க இழுக்கக் குறையும், கடைசிவரை இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். காரில் இந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. இங்கே விமானியின் கைதான்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். 10,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குகூட இல்லை. பெட்ரோலோ அந்த அளவுக்குத் தானாகக் குறையாது. அதனால் சீராகப் பறக்கும்போது சிவப்புக் குமிழைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். சுழற்சி வேகம் முதலில் சற்று ஏறும், பிறகு இறங்கும், எஞ்சின் அதிரத் தொடங்கும். அதிர்வு அடங்கும் வரை திரும்ப உள்ளே தள்ளினால் கலவை சரியான இடத்துக்கு வந்துவிடும். கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே குமிழை முழுக்க உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு புறப்படுபவருக்கு எஞ்சினின் முழு வலு கிடைக்காது.

தரையிலும் இந்தக் குமிழுக்கு வேலை உண்டு. இத்தகைய விமானங்களில் ஊற்றும் 100எல்எல் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. குறைந்த வேகத்தில், மிகுந்த பெட்ரோலோடு எஞ்சின் ஓடினால் ஸ்பார்க் பிளக்கில் ஈயம் படியும். ஓடுபாதைக்கு உருண்டு செல்லும்போது கலவையைக் குறைத்துக்கொள்வது அதனால்தான். குறைப்பதென்றால் தாராளமாகக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தவர் மறந்துபோய் புறப்பட முயன்றாலும், த்ராட்டிலைத் தள்ளியதும் எஞ்சின் திணறித் தரையிலேயே நினைவூட்டிவிடும். அரைகுறையாகக் குறைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இறங்கும்போது கதை தலைகீழ். காற்று மறுபடி அடர்த்தியாவதால் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். மறந்தவர் தரையிறங்காமல் மீண்டும் மேலேற நேர்ந்து த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால், மிக வேண்டிய நேரத்தில் எஞ்சின் தடுமாறும். கார்புரேட்டரைச் சூடாக்கும் குமிழை இழுப்பதாக எண்ணிச் சிவப்புக் குமிழை இழுத்து, எஞ்சினை வானில் அணைத்தவர்களும் உண்டு. பழகிய கை பார்க்காமலே இழுக்கும், ஆபத்து அங்கேதான்.

இதற்கான காப்பு செக்லிஸ்ட். 1935 அக்டோபர் 30 அன்று ஓஹியோவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற ராணுவச் சோதனை விமானம் மேலெழுந்ததும் விழுந்து நொறுங்கியது. காற்றில் ஆடாதபடி வால்பகுதிக் கட்டுப்பாடுகளைப் பிடித்திருந்த பூட்டு கழற்றப்படவில்லை. கைதேர்ந்த சோதனை விமானிகள் இருந்தும் இருவர் உயிர் போனது. அதன் பிறகே எழுதிய பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம் ராணுவ விமானிகளிடம் வேரூன்றியது.

பட்டியலைப் படித்துப் படித்து ஒவ்வொன்றாகச் செய்வதைவிட, முகப்புப் பலகையில் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகக் கைவைத்து எல்லாவற்றையும் செய்து முடித்து, பிறகு பட்டியலோடு ஒப்பிடுவதே சிறு விமானத்துக்கு ஏற்ற முறை. நடுவில் வானொலி அழைத்தால், விட்ட இடத்தை ஊகித்துத் தொடரக் கூடாது. அந்தப் பகுதியை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் விரல் குமிழைத் தொட வேண்டும், கண் அதைப் பார்க்க வேண்டும்.

பட்டியலின் கடைசிப் பகுதி எஞ்சினை அணைப்பது. சாவியைத் திருப்பி அல்ல, சிவப்புக் குமிழை முழுக்க இழுத்துத்தான் அணைக்க வேண்டும். சாவியால் அணைத்ததில் சிலிண்டரில் பெட்ரோல் மிஞ்சி, தீப்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோவின் இணைப்பிலும் கோளாறு இருந்தால், பிறகு யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் அசைக்கும்போது அது சட்டென்று சுழன்று அடித்துவிடக்கூடும்.