ஓடுவதற்கு முன் ஓர் இழுப்பு

கடலூர் மாவட்டத்தின் முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்புகளை ஒட்டி விடியற்காலையில் ஓடும் பையன்களில் பலர் தொப்பையைக் குறைக்க ஓடுகிறவர்கள் அல்ல. காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் ஓடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தாக வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டு இன்னும் போராடிக்கொண்டிருக்கும் வட்டாரம் இது. காக்கிச் சட்டை இங்கே பெரிய நம்பிக்கை.

இந்த வயதுப் பையன்களின் கைப்பேசிக்குத்தான் புதிதாக ஒரு பேச்சு வந்து சேர்கிறது. அமெரிக்க ஓட்டக்காரர்களும் மல்யுத்த வீரர்களும் கஞ்சா எடுத்துக்கொண்டு பயிற்சி செய்கிறார்கள், வலி தெரியாது, கவனம் கூடும், தசை சீக்கிரம் ஆறும் என்று ரீல்ஸில் வருகிறது. அதுவே ஜிம்மில், “ஒரு இழுப்பு இழுத்துட்டு செட் போட்டுப் பாரு மச்சான்” என்றாகிவிடுகிறது. சிகரெட்டைத் தொடாதவன்கூட, இது இயற்கை மூலிகைதானே என்று கை நீட்டுகிறான்.

அமெரிக்கக் கதையில் பாதி உண்மை உண்டு. கஞ்சா சட்டப்படி விற்கப்படும் கொலராடோ போன்ற மாநிலங்களில், கஞ்சா பயன்படுத்தும் சுமார் 600 பேரிடம் ஆய்வாளர்கள் கேட்டு 2019-ல் வெளியிட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் உடற்பயிற்சிக்குச் சற்று முன்போ பின்போ எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கேட்கப்பட்டவர்கள் அனைவருமே ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் என்பதை ரீல்ஸ்காரர்கள் சொல்வதில்லை. அதே கொலராடோவில் 42 ஓட்டக்காரர்களை வைத்து 2023-ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. எடுத்துக்கொண்ட அன்று ஓட்டம் இனிமையாக இருந்தது என்றார்கள். ஆனால் போதை தரும் டிஎச்சி அதிகமுள்ள வகையை எடுத்தவர்களுக்கு அதே ஓட்டம் கூடுதல் சிரமமாகத் தெரிந்தது. தேர்வு மைதானத்தில் நிற்கும் அதிகாரியின் ஸ்டாப்வாட்ச், ஓட்டத்தை எவ்வளவு ரசித்தாய் என்று கேட்பதில்லை.

உடம்புக்குள் நடப்பது இதுதான். கஞ்சாப் புகை உள்ளே போன சில நிமிடங்களில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடக்கூடும். ஓட்டமும் துடிப்பைக் கூட்டும். இரண்டும் சேரும்போது இதயம் கேட்கும் ஆக்ஸிஜன் அதிகம், புகையால் ரத்தம் சுமந்து வருவதோ குறைவு. மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்தி 2001-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் ஐந்து மடங்காகத் தெரிந்தது. இளைஞனுக்கு அடிப்படை அபாயம் சிறியது என்பது உண்மை. ஆனால் தன் இதயத்தில் பிறவிக் கோளாறு ஏதும் இல்லை என்று எத்தனை பேர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ஜிம்முக்குப் போகிறார்கள்?

வலி தெரியாது என்பதுதான் என்னை மிகவும் பயமுறுத்தும் பகுதி. பெஞ்ச் பிரஸ்ஸில் தோள் இழுத்துப் பிடிப்பது, கயிறு ஏறும்போது முழங்கை எரிவது எல்லாம் நிறுத்தச் சொல்லி உடம்பு தரும் தகவல். அதை அணைத்துவிட்டு எடையைக் கூட்டினால் தசைநார் கிழியும். எதிர்வினை வேகமும் சமநிலையும் மங்கியிருக்கும் நேரத்தில் தலைக்கு மேலே இரும்புக் கம்பியைத் தூக்குவது எத்தனை விபரீதம் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை.

டிஎச்சி கொழுப்பில் தங்கும். தொடர்ந்து எடுப்பவர்களை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்கவைத்து ரத்தத்தைப் பார்த்த 2013-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஆய்வில், மிதித்தபின் டிஎச்சி அளவு லேசாக ஏறியிருந்தது. ‘ஓடி வியர்த்தால் போதை இறங்கிவிடும், டெஸ்ட்டில் மாட்டாது’ என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வேடிக்கை என்னவென்றால், நன்றாக ஓடி முடித்தபின் வரும் அந்த லேசான மிதப்புக்கு உடம்பு தானே சுரக்கும் ஆனந்தமைடு போன்ற பொருள்களும் காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பொட்டலம் வாங்கிப் போய்த் தேடுவதை ஓட்டமே சும்மா தருகிறது.

கபடி, தடகளம் என்று போட்டிகளில் இறங்குகிறவர்களுக்குத் தனி ஆபத்து உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் கஞ்சா போட்டி நேரத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 நானோகிராம் என்பது வரம்பு. அமெரிக்காவின் வேக ஓட்டக்காரி ஷாகாரி ரிச்சர்ட்சன் 2021 ஜூனில் தகுதிப் போட்டியில் 100 மீட்டரை வென்றார். பெற்ற தாய் இறந்த செய்தி கேட்ட வேதனையில் கஞ்சா எடுத்ததாகச் சொன்னார். ஒரு மாதத் தடைதான் விதிக்கப்பட்டது, ஆனால் அவர் அந்த வெற்றியை இழந்தார், டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போக முடியவில்லை. அவர் எடுத்துக்கொண்ட ஆரிகன் மாநிலத்தில் அது குற்றமே இல்லை. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டப்படி நாடா எனும் தேசிய முகமை பரிசோதிக்கிறது.

இனி சட்டம். கஞ்சா, கஞ்சாப் பிசினான சரஸ் எல்லாம் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. பயன்படுத்தியதற்கு மட்டும் 27-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் வைத்திருந்தால் 20-ஆம் பிரிவு. கஞ்சாவில் 1 கிலோ வரை ‘சிறிய அளவு’, அதற்கு ஓராண்டு வரை சிறையோ 10,000 வரை அபராதமோ இரண்டுமோ. 1 கிலோவைத் தாண்டினால் 10 ஆண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஜாமீனும் மிகக் கடினம். சரஸுக்கு சிறிய அளவு 100 கிராம்தான். இலை மட்டும் சேர்ந்த பாங்கு இந்த மத்தியச் சட்ட வரையறையில் இல்லை என்று சிலர் வாதம் பேசுவார்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அந்த ஓட்டை இங்கே செல்லாது.

ஜிம் நடத்துகிறவர்கள் 25-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். தெரிந்தே தன் இடத்தை இதற்கு விட்டுக்கொடுத்தால் அவருக்கும் அதே தண்டனை. 18 வயதுக்குக் கீழான பையனுக்குக் கொடுத்தாலோ, அவனை வைத்து விற்றாலோ சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். போதையோடு பைக் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு தனியாக.

ஆறு மாதம், பத்தாயிரம் என்று கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். தவறு இங்கேதான் நடக்கிறது. மாட்டிக்கொண்ட பையனைப் பார்க்க ஓடிவரும் அப்பாவிடம் யாராவது சொல்வார்கள்: “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்கண்ணே, ஒரே நாள்ல முடிஞ்சிடும்.” ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுவது தண்டனை பெற்றதாகத்தான் பதிவாகும். காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14-ஆம் விதி அதைவிடக் கடுமையானது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அது கருதுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. வழக்கை மறைத்துப் படிவம் நிரப்பினால், மறைத்ததே தனிக் காரணமாகி வேலை போகும். 1500 மீட்டருக்காக இழுத்த இழுப்பு அந்த 1500 மீட்டரையே பயனற்றதாக்கிவிடுகிறது. ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. சின்ன தண்டனைக்குரிய இந்த வழக்குகளில் நீதிமன்றம் ஓராண்டுக்குள் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற காலவரம்பும் உண்டு. அதை வழக்கறிஞர்தான் கவனித்துச் சொல்ல முடியும்.

பிடிபட்டவருக்குள்ள உரிமைகளையும் தெரிந்துகொள்வது போலீஸாருக்கு எதிரான காரியமல்ல. உடம்பைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று அதிகாரி சொல்லியே ஆக வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவு அப்படி, உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2010-ல் அதை உறுதிசெய்தது. இது உடம்புச் சோதனைக்குத்தான். பைக்கும் வண்டிக்கும் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். அதிகாரியிடம் எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் மாநிலத்திலிருந்து போன துஃபான் சிங் வழக்கில்தான்.

கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பையன் எங்கே இருக்கிறான் என்றே சொல்லவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல: 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட முதனை கிராமத்து ராசாக்கண்ணு திரும்பவில்லை, அவர் மனைவி பார்வதி போட்ட மனுதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம்.

போதைப்பொருள் சட்டத்தில் பலருக்குத் தெரியாத பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையாகிவிட்ட ஒருவர் மீது பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தால், அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். அடிமையல்லாத, ‘ஒரு தடவைதான் சார்’ வகையினருக்கு இது பொருந்தாது. வழக்கு வருமுன்பே சிகிச்சைக்குப் போவது எல்லாவற்றிலும் மேல். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது, டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை.

எங்கே போவது? பண்ருட்டி, கடலூர் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தைக் கேட்கலாம். புதுச்சேரி ஜிப்மர் மனநலத் துறையும் எட்டும் தூரம்தான். போனில் தொடங்க 14446, அல்லது டெலிமானஸ் 14416. விற்பவரைப் பற்றித் தகவல் கொடுக்க 10581. ‘மறுவாழ்வு மையம்’ என்று பலகை மாட்டிய இடங்களில் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். சங்கிலியால் கட்டிவைப்பதை அதே 2017 சட்டம் 95-ஆம் பிரிவில் தடைசெய்கிறது. அப்படி நடந்தால் மாநில மனநல ஆணையத்துக்கும் ஆட்சியருக்கும் புகார் செய்யலாம்.

நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பசி போகும். வீட்டில் திட்டித் தீர்க்கும் நேரமல்ல அது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தினமும் அதிகமாகப் புகைத்த 12 பேரை, நிறுத்தச் சொல்லாமலே, ட்ரெட்மில்லில் அரை மணி நேரம் என்று பத்து முறை ஓடவைத்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் புகைப்பது பாதிக்கும் கீழே இறங்கியது. 2011-ல் வெளியான சின்ன ஆய்வுதான், 12 பேரை வைத்து ஊருக்கே விதி எழுத முடியாது. ஆனாலும் ஜிம் மாஸ்டர்களும் மைதானத்தில் பயிற்சி தரும் அண்ணன்மார்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மாட்டிக்கொண்டவனை ‘இனி இந்தப் பக்கம் வராதே’ என்று விரட்டாமல், டாக்டரைப் பார்த்துவிட்டு நாளைக் காலை ஐந்தரைக்கு ஓட வரச் சொல்லலாம்.