ஆமைக்கறிக்கு ரசீது கிடையாது

புதுச்சேரியின் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு நோணாங்குப்பம் ஒரு சுற்றுலா இடம். ஊர்க்காரர்களுக்கு மீனும் நண்டும் தரும் கழிமுகம். ஆனால் நீர்நிலை தருவது மீனோடும் நண்டோடும் நிற்பதில்லை: தமிழகத்தின் ஆற்றோர, ஏரிக்கரை ஊர்களில் வலையில் சிக்கும் பாலாமையையும் புதரில் அகப்படும் உடும்பையும் "மூலத்துக்கு நல்லது, உடம்புக்குப் பலம்" என்று மறைவாகக் கைமாற்றும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. பலம் வருமோ வராதோ, பாதரசம் வரலாம்.

நிலக்கரிப் புகை, ஆலைக் கழிவு, உடைந்த டியூப்லைட் என்று பல வழிகளில் நீரில் சேரும் பாதரசத்தைச் சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. புழு, மீன், அதைத் தின்னும் பிராணி என்று படிக்குப் படி அதன் அளவு கூடும். ஆமை நத்தையையும் மீனையும் அழுகியதையும் தின்னும், நெடுநாள் வாழும். சேர்ந்த நஞ்சு தசையோடு ஒட்டிக்கொள்வதால், மஞ்சள் போட்டு அலசினாலும் எண்ணெயில் வறுத்தாலும் போகாது. தின்பவருக்குக் கை கால் மரத்துப்போகும், பேச்சு குழறும், பார்வை குறுகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் இந்த நோய் வெளிப்பட்டபோது, பெரிதாக நோய்க்குறி தெரியாத தாய்மாருக்கும் மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தன. கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நமக்கு எங்கோ நடந்த கதையும் அல்ல. பாதரசக் கழிவுப் புகாரில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. கொடைக்கானல் ஏரியின் மீனில் பாதரசம் இருப்பதை அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகம் பிறகு கண்டறிந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல்தான்.

சுண்ணாம்பாற்று ஆமையில் பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று கேட்கவே வழியில்லை என்பதுதான் சங்கதி. பாலாமையும் உடும்பும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பிடித்தாலும் விற்றாலும் வாங்கினாலும் 3 முதல் 7 ஆண்டுச் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். திருட்டுக்கறி தின்று உடம்பு கெட்டவர் எந்த அதிகாரியிடம் போய் நிற்பார்?

மீனென்றால் கதை வேறு. மீனில் பாதரசத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. சந்தேகம் வந்தால், வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு தரும் உரிமை இது. வரம்பு மீறியது உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நுகர்வோர் பலர் இப்படியொரு பிரிவு இருப்பதையே அறியமாட்டார்கள்.

ஆற்றில் கழிவு கலப்பதைப் பார்த்தால் தேதியோடு படமெடுத்து, புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். ஆற்று நீரின் சோதனை அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பாதிப்பு நேர்ந்திருந்தால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கோரலாம். அதற்குக் கெடு 5 ஆண்டு.