24.36 கோடி டாலர் மிச்சம்

2021 ஜனவரி 7 அன்று அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்துக்கும் போயிங் நிறுவனத்துக்கும் இடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் மூன்று தொகைகள். 737 மேக்ஸ் வாங்கிய விமான நிறுவனங்களுக்கு இழப்பீடு 177 கோடி டாலர். மேக்ஸின் இரண்டு விபத்துகளில் இறந்த 346 பேரின் வாரிசுகளுக்கு 50 கோடி. குற்றத்துக்கான அபராதம் 24.36 கோடி. கூட்டினால் 251.36 கோடி.

அபராதம் ஏன் 25 கோடி என்று முழுத்தொகையாக இல்லை? அதற்கான விளக்கம் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. மேக்ஸ் ஓட்டப்போகும் விமானிகளுக்கு முழு சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று போயிங்கே போட்டு வைத்திருந்த கணக்கு அது. அந்தச் செலவைத் தவிர்த்ததால் கிடைத்த ஆதாயம் 24.36 கோடி. அபராதம் அதில் தொடங்கி அதன் இரு மடங்கான 48.72 கோடி வரை போகலாம் என்று வரம்பு கட்டி, கீழ்வரம்பிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அதாவது, மிச்சம் பிடித்த பணத்தைத் திருப்பிக் கட்டினால் போதும். 2019இல் மேக்ஸ் 8 ஒன்றின் பட்டியல் விலை 12.16 கோடி டாலர். பேரம் பேசி வாங்குபவர்கள் அந்த விலை கொடுப்பதில்லை என்றாலும், பட்டியல்படி அபராதம் இரண்டு விமானங்களின் விலைதான்.

இந்த மிச்சத்தின் கதை 2011இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலையில், பல காலமாகப் போயிங்கை நம்பியிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ், எரிபொருள் குறைவாகக் குடிக்கும் ஏர்பஸ் ஏ320 நியோவுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தது. புதிய விமானம் வரைந்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், 1967இல் முதன்முதலாகப் பறந்த 737க்கே புதிய எஞ்சின் பொருத்த ஆகஸ்டில் போயிங் முடிவெடுத்தது. அதுதான் மேக்ஸ். பழைய எஞ்சினின் விசிறி விட்டம் 61 அங்குலம், புதியது 69 அங்குலம். 737 தரைக்கு நெருக்கமாக நிற்கும் விமானம். எஞ்சினை முன்னே தள்ளி, மேலே தூக்கிப் பொருத்தினார்கள். மூக்குச் சக்கரத்தின் காலை 8 அங்குலம் நீட்டினார்கள். விளைவாக, மூக்கு மிகவும் மேலே தூக்கிக்கொள்ளும் சில நிலைகளில் விமானம் பழைய 737 போல நடந்துகொள்ளவில்லை.

பழையது போலவே நடந்துகொண்டாக வேண்டும் என்பதற்குக் காசுக் கணக்கு ஒன்று இருந்தது. 2011 டிசம்பரில் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 150 மேக்ஸ்களுக்கு உறுதியான ஆர்டர் கொடுத்தது. தன் விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் விலைக் குறைப்பு என்று போயிங் அதற்கு வாக்குக் கொடுத்திருந்தது. 150 விமானத்துக்கு 15 கோடி. ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் இவ்வளவு. ஆகவே, விமானி கணினியில் சிறு பாடம் ஒன்றைப் படித்துவிட்டு மறுநாள் மேக்ஸில் ஏறிவிட வேண்டும். வடிவமைப்பில் இதற்குக் குறுக்கே வரும் எதுவும் வேண்டாத விருந்தாளி.

பழைய விமானம் போல நடிக்க வைத்த மென்பொருள்தான் எம்காஸ். மூக்கு அளவுக்கு மேல் தூக்கிக்கொண்டால், வாலின் கிடைமட்ட இறக்கையைத் தானே நகர்த்தி மூக்கைக் கீழே அழுத்தும். முதல் வடிவத்தில் ஒரு தடவைக்கு 0.6 டிகிரிதான் நகர்த்தும். அதுவும் காற்றின் கோணத்தை அளக்கும் சென்சார், விமானத்தின் மேல் விழும் விசையை அளக்கும் கருவி, இரண்டும் ஒத்துப்போனால்தான். சோதனைப் பறப்புகளுக்குப் பிறகு குறைந்த வேகத்திலும் அது வேலை செய்ய வேண்டும் என்று ஆனபோது, 0.6 என்பது 2.5 ஆயிற்று. நான்கு மடங்குக்கும் மேல். விசைக் கருவியின் சம்மதம் கைவிடப்பட்டது. மிஞ்சியது ஒரு சென்சார். மேக்ஸின் மூக்கருகே இடமும் வலமுமாக இரண்டு கோண சென்சார்கள் இருக்கின்றன. எம்காஸ் ஒரு பறப்பில் அவற்றில் ஒன்றை மட்டுமே கேட்டது. இரண்டாவதை வாங்கப் பைசா செலவில்லை, அது ஏற்கெனவே விமானத்தில் இருந்தது. இந்தக் கணக்கு முழுவதிலும் எனக்கு மிகவும் விளங்காத வரி இதுதான்.

இரண்டு சென்சார்களும் வெவ்வேறாகச் சொன்னால் விமானிக்குக் காட்ட ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லா மேக்ஸிலும் வழக்கமாகவே வர வேண்டிய அந்த எச்சரிக்கை, கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வேறொரு காட்டியோடு தவறுதலாகப் பிணைக்கப்பட்டதால், சுமார் 80 சதவீத விமானங்களில் வேலையே செய்யவில்லை. 2017இலேயே போயிங் இதைக் கண்டுபிடித்தது. முதல் விபத்து நடக்கும்வரை விமான நிறுவனங்களிடம் சொல்லவில்லை. எம்காஸ் பற்றி விமானி கையேட்டிலும் அப்போது விளக்கம் இல்லை.

எம்காஸ் கோளாறு செய்தால் விமானி 4 வினாடிக்குள் புரிந்துகொண்டு சரிசெய்துவிடுவார் என்பது போயிங்கின் அனுமானம். 2012இல் போயிங்கின் சொந்தச் சோதனை விமானி ஒருவருக்கே சிமுலேட்டரில் 10 வினாடிக்கு மேல் ஆனது. உண்மையில் நடந்திருந்தால் பேரழிவு என்று அப்போதே குறித்துவைத்தார்கள்.

2018 அக்டோபர் 29: லயன் ஏர் 610, ஜகார்த்தா, 189 பேர். பழுதுபார்த்துப் பொருத்திய சென்சார் 21 டிகிரி தவறாகக் காட்டியது. டெல்லியைச் சேர்ந்த கேப்டன் மூக்கைத் தூக்கத் தூக்க எம்காஸ் திரும்பத் திரும்ப, இருபது தடவைக்கு மேல், கீழே அழுத்தியது. 2019 மார்ச் 10: எத்தியோப்பியன் 302, அடிஸ் அபாபா, 157 பேர். இடது சென்சார் 74.5 டிகிரி என்றது, வலது 15.3 என்றது. வானத்தில் இருந்தது சுமார் 6 நிமிடம். லயன் ஏர் விபத்துக்குப் பிறகு போயிங் அறிவுறுத்தியபடி அந்த விமானிகள் வால் இறக்கையை நகர்த்தும் மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்தார்கள். அந்த வேகத்தில் இறக்கையைக் கையால் நகர்த்தும் சக்கரம் சுழலவில்லை.

இரண்டு விபத்துக்கும் இடையே 132 நாள். அந்த இடைவெளியில், 2018 டிசம்பரில், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் ஓர் அபாயக் கணக்குப் போட்டது. எம்காஸைத் திருத்தாமல் சுமார் 4,800 மேக்ஸ்கள் அவற்றின் ஆயுள் முழுவதும் பறந்தால், இதே போல 15 விபத்துகள் நடக்கலாம் என்று விடை வந்தது. விடை வந்த பிறகும் விமானங்கள் பறந்தன. ஆணையத்தின் ஆள்கணக்கு இது: ஆணையத்தின் சார்பில் போயிங் விமானங்களுக்குச் சான்றளிக்கும் போயிங் ஊழியர்களே சுமார் 1,500 பேர், அவர்களைக் கண்காணிக்க ஆணையத்தில் 45 பேர். மேக்ஸின் 91 சான்றளிப்புத் திட்டங்களில் 79, 2016 நவம்பருக்குள் போயிங் கையிலேயே ஒப்படைக்கப்பட்டிருந்தன.

2019 மார்ச் மத்தியில் உலகெங்கும் 387 மேக்ஸ்கள் தரையில் நின்றன. அமெரிக்காவில் இருபது மாதம், இந்தியாவில் 2021 ஆகஸ்ட் வரை. திருத்திய எம்காஸ் இரண்டு சென்சார்களையும் ஒப்பிடுகிறது, வித்தியாசம் 5.5 டிகிரிக்கு மேல் போனால் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு நிகழ்வுக்கு ஒரு தடவைதான் அழுத்துகிறது. சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயமானது. எதைத் தவிர்க்க இவ்வளவும் நடந்ததோ, அது.

2020 ஜனவரியில் போயிங் தன் செலவை 1,860 கோடி டாலர் என்று மதிப்பிட்டது: வாடிக்கையாளர்களுக்கு 830 கோடி, ஏறிய உற்பத்திச் செலவு 630 கோடி, தொழிற்சாலை நின்றதால் 400 கோடி. மிச்சம் பிடித்ததைப் போல 76 மடங்கு. பணமில்லாத நிறுவனம் அல்ல. 2013 முதல் 2019 வரை தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிப் பங்கு விலையைத் தாங்கிப் பிடிக்க அது செலவிட்டது சுமார் 4,300 கோடி.

251.36 கோடியில் விமான நிறுவனங்களுக்குப் போனது 70 சதவீதம், குடும்பங்களுக்கு 20, அரசுக்கு 10. உயிர் ஒன்றுக்கு 14.45 லட்சம் டாலர். சிவில் வழக்குகளில் வருவது தனி. 2019 டிசம்பரில் வெளியேற்றப்பட்ட தலைமை அதிகாரி டென்னிஸ் முய்லன்பர்க் ஓய்வூதியமும் பங்குகளுமாக எடுத்துச் சென்றது சுமார் 6.2 கோடி, 43 உயிர்களுக்குக் கொடுத்த தொகை. குற்ற வழக்கில் கூண்டில் ஏறியவர் போயிங்கின் முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப விமானி ஒருவர் மட்டுமே. 2022இல் டெக்சாஸ் ஜூரி அவரை விடுவித்தது.

அந்த உடன்படிக்கையின் ஆயுள் மூன்று ஆண்டு. அது முடிய இரண்டு நாள் இருந்தபோது, 2024 ஜனவரி 5 அன்று, 177 பேருடன் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ் 9இன் பயன்படாத கதவு வழியை மூடியிருந்த அடைப்பான் நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்கள் 4. இருந்தவை 0. ரென்டன் தொழிற்சாலையில் ரிவெட் பழுது பார்க்க அதைக் கழற்றியவர்கள், கழற்றியதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. எழுதாததால் திரும்ப மாட்டியதைச் சோதிக்க யாரும் வரவில்லை. யாரும் சாகவில்லை. அலாஸ்காவுக்குப் போயிங் கொடுத்தது சுமார் 16 கோடி டாலர். 2025 செப்டம்பரில் ஆணையம், இது உட்பட நூற்றுக்கணக்கான தரக் குறைபாடுகளுக்கு முன்மொழிந்த அபராதம் சுமார் 31 லட்சம். மேக்ஸ் உற்பத்திக்கு ஆணையம் விதித்திருந்த மாதம் 38 என்ற உச்சவரம்பு அடுத்த மாதமே 42 ஆனது.

2021 உடன்படிக்கையைப் போயிங் மீறிவிட்டதாக 2024 மே மாதம் அமைச்சகம் அறிவித்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை நீதிபதி நிராகரித்தார். 2025 மே மாதம் வேறோர் ஏற்பாடு: குடும்பங்களுக்குக் கூடுதலாக 44.45 கோடி, பாதுகாப்பு மேம்பாட்டுக்கு 45.5 கோடி, கூடுதல் அபராதம் 24.36 கோடி. அதே எண், இரண்டாம் தடவை. இரண்டும் சேர்ந்தால் 48.72 கோடி, 2021இல் வகுத்த அந்த மேல்வரம்பு. பல குடும்பங்கள் எதிர்த்தன. 2025 நவம்பர் 6 அன்று, ஏற்பாட்டில் தனக்கு உடன்பாடில்லை என்று எழுதிவிட்டு, நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.