காரின் கணனிக்குப் புதுப் பாடம்

காரின் வேகத்தைப் பெருக்க விரும்புவோர் காற்று உட்செல்லும் குழாயை அகன்றதாக மாற்றுகின்றனர். பின்னர் பற்றரியின் எதிர்முனைக் கம்பியைச் சிறிது நேரம் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சின் கணனி புதிய உறுப்பை அறிந்துகொண்டதென மகிழ்கின்றனர். அஃது உண்மைதானா என நாம் ஆராய்தல் நன்று.

ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக் குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி எரிந்த வாயுவைச் சோதித்துக் கூற, கணனி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் அவ்விகிதத்தைக் காக்கின்றது. செய்த திருத்தங்களை நினைவிலும் வைத்துக்கொள்கின்றது. பற்றரியைக் கழற்றும்போது பல கார்களில் அழிவது இந்நினைவே. தொழிற்சாலையில் எழுதப்பட்ட அடிப்படை அட்டவணை அழிவதில்லை. சிலேட்டைத் துடைத்தோமேயன்றிப் பாடநூலை மாற்றினோமல்லோம்!

காற்றை அளக்கும் உணரி அமைந்த குழாய் அகன்றுவிட்டால், அதனூடே காற்று மெதுவாகச் செல்லும். உணரியும் குறைத்தே கணக்கிடும். சாதாரண ஓட்டத்தில் ஒட்சிசன் உணரி இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆயின் மிதியை முற்றாக அழுத்தும்போது பல கார்களில் கணனி அவ்வுணரியை விடுத்து அட்டவணையையே நம்புகின்றது. அப்பொழுது எரிபொருள் குறையுமாயின் சிலிண்டரினுள் வெப்பம் பெருகும். கலவை தானே வெடிக்கும். பிஸ்டன் உருகவுங் கூடும்.

நினைவோடு கோளாறுக் குறிப்புகளும் அழியலாம், கோளாறு அழியாது.

ஆகவே, இத்தகைய உறுப்புகளைப் பொருத்துவோர், காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைக் கருவியால் அளந்து அட்டவணையைத் திருத்தவல்ல நிபுணரை நாடுவதே அறிவுடைமையாகும். அச்செலவு புது எஞ்சினின் விலையிலும் சிறிதன்றோ?